பேஸ் மாடல் கார்: எதைச் சேர்க்கலாம், எதைத் தொடக்கூடாது?

கம்ப்யூட்டர் வாங்கும்போது நம்மில் பலர் செய்யும் வேலை இது. கையில் இருக்கும் பணத்துக்குக் குறைந்த ரேம் உள்ள மலிவான மாடலை வாங்குவோம். பிறகு காசு சேரச் சேர ரேம் சேர்ப்போம், எஸ்.எஸ்.டி. மாட்டுவோம், நல்ல மானிட்டர் வாங்குவோம். ஒரு வருடத்தில் அது உயர்ந்த மாடலுக்குச் சமமாகிவிடும்.

இதே கணக்கில்தான் நான் ஒரு கார் வாங்கினேன். திருச்சியில் இருக்கும் அப்பா, அம்மாவுக்காக வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக். 2017ஆம் ஆண்டு பேஸ் மாடல், மேனுவல் கியர். பவர் விண்டோ கிடையாது. சென்ட்ரல் லாக் கிடையாது. ஸ்டீரியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. "எல்லாவற்றையும் பிறகு மாட்டிக் கொள்ளலாம்ப்பா" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன்.

அந்தக் கணக்கில் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி என்று தெரியாமல் நான் பணமும் செலவழித்தேன். ஒரு நாள் அப்பாவையும் அம்மாவையும் நடுத்தெருவில் நிற்கவும் வைத்தேன். அதே தவறை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

காருக்குள் ஒரு நெட்வொர்க்

பழைய கார்களில் ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனி ஒயர் போகும். இன்றைய காரில் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஏ.பி.எஸ். பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, மீட்டர் போர்டுக்கு ஒன்று எனப் பல சிறு கம்ப்யூட்டர்கள் உள்ளன. இவற்றை இ.சி.யு. என்று அழைக்கிறார்கள்.

இவை தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் நெட்வொர்க்கின் பெயர் கேன் பஸ். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி, 1986இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த ஆட்டோமொபைல் எஞ்சினியர்கள் மாநாட்டில் அறிமுகப்படுத்திய முறை இது. முறுக்கிய இரண்டே ஒயர்கள். சும்மா இருக்கும்போது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட். தகவல் போகும்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர்கள் இருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் இரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வழக்கமான கேன் பஸ்ஸில் ஒரு செய்தியை யார் அனுப்பியது என்று சரிபார்க்கும் வசதி இல்லை. செய்திக்கு ஓர் எண் இருக்கும். அது எதைப் பற்றிய செய்தி என்பதை அந்த எண் சொல்லும். அவ்வளவுதான். பாஸ்வேர்டு இல்லாத ஆபீஸ் நெட்வொர்க் போல நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே நுழைந்த எந்தப் பெட்டியும் பேசலாம், மற்றவை நம்பிவிடும்.

ஆகவே காரில் எதை மாட்டுவதாக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இது காரிடமிருந்து மின்சாரத்தை மட்டும் எடுக்கிறதா? தகவலைப் படிக்கிறதா? அல்லது காருக்குக் கட்டளை போடுகிறதா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால், மாட்டலாமா வேண்டாமா என்பது பாதி முடிவான மாதிரி.

முதல் வகை: மின்சாரத்தை மட்டும் எடுப்பவை

ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, மொபைல் சார்ஜர், சென்ட்ரல் லாக், பவர் விண்டோ ஆகியவை பேஸ் மாடலில் பெரும்பாலும் இந்த வகைதான். வீட்டில் ஒரு ஃபேன் கூடுதலாக மாட்டுவது போல. தாராளமாக மாட்டலாம்.

ரிவர்ஸ் கேமரா மிக எளிது. பின்னால் உள்ள ரிவர்ஸ் விளக்கிலிருந்து 12 வோல்ட் எடுத்தால் போதும். ரிவர்ஸ் கியர் போட்டால் விளக்கு எரியும், கேமராவும் விழிக்கும். சென்ட்ரல் லாக் கிட்டில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சிறு மோட்டார் வரும். டிரைவர் கதவு மோட்டாரில் 5 ஒயர்களும் மற்றவற்றில் 2 ஒயர்களும் இருக்கும். கூடுதலாக உள்ள ஒயர்கள், டிரைவர் கதவு பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கிட்டின் பெட்டிக்குச் சொல்பவை.

ஹெட்லைட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஹை பீமில் 60 வாட் பல்புகள் இரண்டு என்றால் 120 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். கடைக்காரர் சொன்னார் என்று 100 வாட் பல்புகளை மாட்டினால் ஏறக்குறைய 16.7 ஆம்பியர் போகும். ஒயரில் உண்டாகும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்றபடி கூடும் என்பதால், பழைய சூட்டைப் போல 2.8 மடங்கு ஆகிவிடும். கம்பெனி போட்ட ஒயர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. பல்பு ஹோல்டர் உருகும். எதிரில் வருபவரின் கண்ணும் கூசும்.

ஹாரன், கூடுதல் விளக்கு போன்று அதிகக் கரண்ட் இழுக்கும் எதற்கும் ரிலே கட்டாயம் வேண்டும். ரிலேயில் 85, 86 என்ற கால்கள் காயிலுக்கு, 30 பேட்டரிக்கு, 87 விளக்குக்கு. சுவிட்ச் வழியாகச் சிறு கரண்ட் மட்டும் போகும். பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகப் போகும்.

வண்டி நின்ற கதை

முதல் வகை எளிது என்றேன். என் கார் நின்றது இந்த எளிய வகையில்தான்!

வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு கடையில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, கேமரா, சென்ட்ரல் லாக் மூன்றையும் மாட்டினேன். மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. பாட்டு அருமையாகக் கேட்டது. நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்திய வண்டியை அப்பா திங்கள் கிழமை மாலைதான் எடுத்தார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்ட். சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆட்டோவும் உடனே கிடைக்கவில்லை. அம்மாவைத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப் போயிருக்கிறார். இரவு போனில், "பாட்டு மட்டும் நல்லாத்தான்டா பாடுச்சு இத்தனை நாளா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரமே மல்டிமீட்டரோடு திருச்சிக்குப் போனேன். சோதனை இப்படித்தான் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் அணைத்து, காரைப் பூட்டி, அரை மணி நேரம் காத்திருங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகலாம். பிறகு பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது தவறியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் போய்விடும்.

தூங்கும் காரில் சாதாரணமாக 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். எங்கள் காரில் 0.6 காட்டியது. ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிப் பார்த்தேன். ஸ்டீரியோ ஃபியூஸைக் கழற்றியதும் 0.03க்கு இறங்கியது.

டாஷ்போர்டைத் திறந்தால் காரணம் கண்ணெதிரே இருந்தது. பெரும்பாலான ஸ்டீரியோக்களில் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டும். ஸ்டேஷன், கடிகாரம் போன்ற மெமரிக்கு. சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் இரண்டையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, பேட்டரியோடு இணைத்திருந்தார். சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்கலாம் அல்லவா! திரை அணைந்தது, உள்ளே ஆண்ட்ராய்டு தூங்கவே இல்லை.

கணக்குப் பாருங்கள். வெள்ளி மாலை முதல் திங்கள் மாலை வரை 72 மணி நேரம். 0.6 ஆம்பியரால் பெருக்கினால் 43. எங்கள் பேட்டரியே 35 ஆம்பியர் ஹவர்தான். சிவப்பு ஒயரைச் சரியான இடத்துக்கு மாற்றிய பிறகு 0.03 ஆம்பியர். இந்த வேகத்தில் பேட்டரி காலியாக ஏறக்குறைய 48 நாட்கள் ஆகும். ஒரே ஒயர், இவ்வளவு வித்தியாசம்.

இரண்டாம் வகை: தகவலைப் படிப்பவை

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 கால்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓ.பி.டி. போர்ட். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஓ.பி.டி. 2 முறை கட்டாயம் ஆனது, இந்தியாவில் பி.எஸ். 4 காலத்துக் கார்களிலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் இருக்கிறது. 16ஆம் காலில் பேட்டரி. 4, 5இல் எர்த். 6, 14இல் கேன் பஸ்.

இதில் ஒரு ப்ளூடூத் டாங்கிள் சொருகி, மொபைலில் ஓர் ஆப் போட்டால், பேஸ் மாடல் மீட்டரில் காட்டாத பல விவரங்கள் தெரியும். உதாரணமாக எங்கள் காரில் எஞ்சின் டெம்பரேச்சர் மீட்டரே கிடையாது. ஆப் "01 05" என்று கேட்கும். எஞ்சின் இ.சி.யு. "41 05 78" என்று பதில் தரும். இந்த 78 ஹெக்ஸாடெசிமல் எண். நம் கணக்கில் 120. அதிலிருந்து 40ஐக் கழித்தால் 80 டிகிரி செல்சியஸ். முடிந்தது வேலை. மேட்டூர் வெயிலிலும் எஞ்சின் கொதிக்கிறதா என்று அப்பா இப்போது மொபைலிலேயே பார்த்துக் கொள்கிறார்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, வேலை முடிந்ததும் டாங்கிளைக் கழற்றி விடுங்கள். அதுவும் பேட்டரியைக் குடிக்கும். மலிவான டாங்கிள்கள் பலவற்றின் பாஸ்வேர்டு 1234தான். பக்கத்து வண்டிக்காரரும் இணைந்துவிடலாம். இரண்டு, எஞ்சின் விளக்கு எரிந்தால் ஆப்பில் "கிளியர்" பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். விளக்குதான் அணையும், கோளாறு அப்படியே இருக்கும்.

மூன்றாம் வகை: கட்டளை போடுபவை

இனிதான் முக்கியமான பகுதி. அப்பாவுக்கு இடது முழங்காலில் வலி அதிகமானது. டிராஃபிக்கில் கிளட்சை மிதித்து மிதித்து வீங்கிவிடுகிறது. "கிளட்ச் வண்டியைக் குறைத்துக் கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா என்னிடம் கேட்ட கேள்வி இது: "ஸ்டீரியோ மாட்டினே, கேமரா மாட்டினே. இதே வண்டியில ஆட்டோ கியர் மாட்ட முடியாதாடா?"

நியாயமான கேள்விதான். ஏனென்றால் நம் ஊரில் பிரபலமான ஏ.எம்.டி. என்பது மேனுவல் கியர் பாக்ஸின் மேல் மாட்டிய ஓர் இயந்திரக் கைதான். 2014இல் மாருதி செலிரியோவில் வந்து பரவிய இந்த முறையில் கியர் பாக்ஸ், கிளட்ச் எல்லாம் மேனுவலில் உள்ளவை போன்றவையே. கிளட்சைத் தள்ளவும் கியரை மாற்றவும் ஹைட்ராலிக் அல்லது மோட்டார் கைகள். அவற்றை இயக்க டி.சி.யு. என்ற தனிக் கம்ப்யூட்டர். அப்படியானால் அந்தக் கையை மட்டும் வாங்கி நம் வண்டியில் மாட்டினால் என்ன?

ஒரு கியர் மாறும்போது உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதித்திருக்கிறது, வண்டியின் வேகம், எஞ்சின் சுழற்சி, பிரேக் ஆகியவற்றை டி.சி.யு. படிக்கிறது. "கொஞ்சம் சக்தியைக் குறை" என்று எஞ்சின் இ.சி.யு.வுக்குக் கேன் பஸ் வழியே சொல்கிறது. எஞ்சின் இ.சி.யு. கீழ்ப்படிகிறது. கிளட்ச் விலகுகிறது, கியர் மாறுகிறது, கிளட்ச் மெல்லச் சேர்கிறது, மீண்டும் சக்தி வருகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள்.

மேனுவல் காரின் எஞ்சின் இ.சி.யு.வில் இந்த உரையாடலுக்கான சாப்ட்வேரே செயல்பாட்டில் இருக்காது. டிரைவர் இல்லாத பிரின்டரை மாட்டியது போலத்தான். கையை மாட்டினால் போதாது, டி.சி.யு., எஞ்சின் சாப்ட்வேர், கியர் லீவர், ஒயரிங், இம்மொபிலைசர் என எல்லாம் மாற வேண்டும். பிறகு கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கம்பெனியின் கருவி கொண்டு டி.சி.யு.வுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். செலவு வண்டி விலையை நெருங்கிவிடும்.

இதற்கு மாற்றாகக் கடைகளில் ஆட்டோ கிளட்ச் கிட் கிடைக்கிறது. கியரை நாம்தான் மாற்ற வேண்டும். ஆனால் கியர் குமிழில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு மோட்டார் கிளட்சை இழுத்துக் கொள்ளும். எஞ்சின் சுழற்சி, ஆக்ஸிலரேட்டர் சிக்னல்களை ஒயரில் தட்டி எடுத்து ஒரு சிறு பெட்டி முடிவு செய்கிறது. அப்பாவுக்கு இது போதுமே என்று நானும் நினைத்தேன்.

மாட்டித் தருவதாகச் சொன்னவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். பெட்டிக்கு மின்சாரம் நின்றுபோனால் கிளட்ச் சேர்ந்து நிற்குமா, விலகி நிற்குமா? ஆக்ஸிலரேட்டர் சிக்னல் ஒயரில் உங்கள் இணைப்பு கெட்டால் எஞ்சின் என்ன செய்யும்? மேட்டில் நிற்கும்போது சாப்ட்வேர் ஹேங் ஆனால் வண்டி எந்தப் பக்கம் போகும்? அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நிறைய வண்டிக்குப் போட்டிருக்கோம்" என்றார்.

நான் பில்லிங் சாப்ட்வேர் எழுதுபவன். என் புரோகிராமில் பிழை இருந்தால் ஒரு ரசீது தப்பாக அச்சாகும். மறுநாள் பேட்ச் அனுப்பிச் சரி செய்துவிடுவேன். "ஒண்ணும் ஆகாது" என்று நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. துறையூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து அப்பா ஓட்டப் போகும் வண்டி அது.

கட்டளை போடும் எல்லாமே ஆபத்து என்று அர்த்தமில்லை. டி.எஸ்.ஜி. போன்ற ஆட்டோமேட்டிக் கியர் உள்ள சில கார்களில், பேடில் ஷிஃப்ட் வைத்த ஸ்டீயரிங்கை மாட்டி, சாப்ட்வேரில் அதை ஆன் செய்து கொள்கிறார்கள். அங்கே பேடில் என்பது வேண்டுகோள் வைக்கும் ஒரு சுவிட்ச் மட்டுமே. 100 கிலோமீட்டர் வேகத்தில் தவறி முதல் கியர் கேட்டாலும் கம்பெனியின் டி.சி.யு. மறுத்துவிடும். கடைசி முடிவு பல ஆண்டுகள் சோதித்த சாப்ட்வேரின் கையில் இருக்கிறது. ஆட்டோ கிளட்ச் பெட்டியில் கடைசி முடிவே அந்தப் பெட்டியுடையது. ஆனால் ஸ்டீயரிங்கைக் கழற்றினால் ஏர்பேக்கும் சேர்ந்து வரும். அதில் வெடிமருந்து இருக்கிறது. வீட்டில் முயலாதீர்கள்.

கேன் பஸ்ஸில் கண்டதை இணைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோகி காரின் ஸ்டீரியோ சிஸ்டத்துக்குள் இன்டர்நெட் வழியே வீட்டில் இருந்தபடி நுழைந்தார்கள். அங்கிருந்து கேன் பஸ்ஸுக்குப் போய், கியர் பாக்ஸைச் செயலிழக்க வைத்துக் காட்டினார்கள். நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அதனால், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டுபவர் கேன் பஸ் ஒயரையும் இணைக்கட்டுமா என்று கேட்டால், பேஸ் மாடலுக்கு வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி முதலில் குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். மாற்றுத் திறனாளிகளுக்காகக் கட்டுப்பாடுகளை மாற்றி அமைக்கச் சட்டத்திலேயே தனி வழி இருக்கிறது. தேவைப்படுபவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்டீரியோ, கேமரா போன்றவற்றை இன்ஷூரன்ஸ் பாலிசியில் விலையுடன் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காவிட்டால் திருட்டுப் போனால் அவற்றுக்குப் பணம் வராமல் போகலாம். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைக்குப் போகும் முன்

* கம்பெனி ஒயரை அறுக்காமல், அந்த மாடலுக்கு என்றே வரும் கப்ளர் வைத்து மாட்டச் சொல்லுங்கள்.
* ஒவ்வொரு புது இணைப்புக்கும் தனி ஃபியூஸ், பேட்டரிக்கு அருகில் இருக்கட்டும்.
* முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு வேண்டாம். கிரிம்ப் அல்லது சால்டர் செய்யச் சொல்லுங்கள்.
* வேலை முடிந்ததும், காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 0.05 ஆம்பியருக்கு மேல் இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்.
* ஏர்பேக், ஏ.பி.எஸ்., ஆட்டோமேட்டிக் கியர் மூன்றும் வாங்கும்போதே வண்டியில் இருக்க வேண்டியவை. பிறகு மாட்டிக் கொள்ளலாம் என்று இவற்றை விட்டுவிடாதீர்கள். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். பழைய பேஸ் மாடல் வாங்குபவர்கள் கட்டாயம் பார்த்து வாங்குங்கள்.

சரி, அப்பாவின் வண்டி என்ன ஆயிற்று என்கிறீர்களா? கிட் வாங்க வைத்திருந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி, மேனுவல் வண்டியை விற்று, கம்பெனியிலேயே ஏ.எம்.டி. வைத்து வந்த ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டியை வாங்கினேன். ஸ்டீரியோவையும் கேமராவையும் கழற்றி இதில் மாட்டிக் கொண்டேன். இந்த முறை சிவப்பு ஒயரை நானே அளந்து பார்த்தேன்.

முதல் இரண்டு நாட்கள் அப்பாவின் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடியது. பிரேக்கை மிதித்து வண்டி குலுங்கியது. "இடது காலை சீட்டுக்குக் கீழே மடக்கி வைத்துக் கொள்ளுங்கள்ப்பா" என்றேன். மூன்றாம் நாள் அம்மாவோடு கோயிலுக்குப் போய்வந்துவிட்டு போன் செய்தார். பாட்டைப் பற்றியும் பேசவில்லை, கேமராவைப் பற்றியும் பேசவில்லை. "கால் வலிக்கலடா" என்றார்.